காலி டப்பாவை எண்ணுங்கள்: மரத்துக்கான தீத்தடுப்புப் பூச்சு பற்றி

கல்யாண மண்டபம், ஆடிட்டோரியம், ஐ.டி. அலுவலக ரிசப்ஷன் என எங்கு போனாலும் சுவரிலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் மரம்தான். தீப் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால், "ஃபயர் ரிடார்டன்ட் அடிச்சாச்சு சார்" என்று டப்பாவை எடுத்துக் காட்டுவார்கள். அதில் பச்சை இலைப் படமும் இருக்கும். தீ பரவாமல் தடுக்குமா என்பது ஒரு கேள்வி. உடம்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இல்லாததா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியாகச் சான்றுத் தாள் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அந்த இலை. பெரும்பாலும் அது 'வாட்டர் பேஸ்டு' என்பதற்காகப் போட்டதுதான். தின்னர் நெடி குறைவு, அவ்வளவே. தண்ணீரில் கரைத்த பூச்சிலும் புரோமின், குளோரின் சேர்மங்கள் இருக்கலாம். துணைக்கு ஆன்டிமனி டிரையாக்சைடும் இருக்கலாம். எரியும்போது இவை அமிலப் புகையைக் கிளப்பும். புரோமின் வகையில் சில, உடம்புக் கொழுப்பிலேயே தங்கிவிடும். அப்படி ஒன்றான டெக்காபிடிஇ-யை 2017-ல், அழியாத நச்சு ரசாயனங்களுக்கான உலக உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. "போராக்ஸ், போரிக் அமிலம்தான் சார், இயற்கை" என்பவர்களும் உண்டு. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-லேயே இரண்டையும் தன் கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் வைத்துவிட்டது. எனவே டப்பாவின் படத்தை விட்டுவிட்டு, பாதுகாப்புத் தகவல் தாளின் 3-ம் பகுதியைப் பாருங்கள். தீங்கான சேர்மானங்களை அங்கேதான் எழுதியிருப்பார்கள். அதைத் தரத் தயங்கும் கம்பெனி வேண்டாம்.

இப்போது நம்பி வாங்கக்கூடியது, ஹாலஜன் (புரோமின், குளோரின் வகை) இல்லாத, பாஸ்பரஸ் வகைப் பூச்சு. உள்ளே இருப்பது அம்மோனியம் பாலிபாஸ்பேட், கரி தரும் ஒரு பொருள், வாயு விடும் மெலமின். சூடு ஏறியதும் பாஸ்பேட் அமிலமாகி, மற்றதைக் கரியாக்கும். வாயு அந்தக் கரியை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்ப வைக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சு சென்டிமீட்டர் கணக்கில் எழும்பி, மரத்துக்குச் சூடு போகாமல் மறைக்கும். அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் ஃபைட்டிக் அமிலத்தில் எடையில் 28 சதவீதம் பாஸ்பரஸ் என்பதால் அதை வைத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. நமக்குத் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த அமிலம் தண்ணீரில் எளிதில் கரைந்து போகும். அந்தச் சிக்கல் தீர வேண்டும்.

அப்புறம் தீக்கான தாள். 'கிளாஸ் ஏ' என்றால் ஏஎஸ்டிஎம் இ84 என்ற அமெரிக்கச் சோதனையில் தீ பரவும் குறியீடு 25-க்குள் என்று பொருள். மேற்பரப்பில் தீ எப்படி ஓடும் என்பதைத்தான் அது சொல்கிறது. உத்தரம் ஒரு மணி நேரம் தாங்கும் என்று சொல்லவில்லை. சிலர் ஐ.எஸ். 5509 என்ற இந்தியத் தர எண்ணைக் காட்டுவார்கள். அது தீத்தடுப்பு பிளைவுட்டுக்கான தரம், டப்பாவில் வரும் பூச்சுக்கு அல்ல. பருமனான உத்தரங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. மரம் நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும். அரை மணியில் போவது சுமார் 20 மில்லிமீட்டர். பூச்சு அவசியமாகத் தேவைப்படுவது மெல்லிய பிளைவுட்டுக்கும் வெனீர் பலகைக்கும்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வேலை கெடுவது பெயிண்டர் கையில். சோதனையில் தேறிய அளவு தாளிலேயே இருக்கும். சதுர மீட்டருக்கு 350 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஏறக்குறைய 33 கிலோ இறங்கியிருக்க வேண்டும். பூச்சு கெட்டி, கை வலிக்கும். தண்ணீரை ஊற்றி இளக்கி, 15 கிலோவில் முடித்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் காலி டப்பாக்களை எண்ணிய பிறகு பில்லைத் தீருங்கள்.

பழைய பாலிஷைச் சுரண்டாமல் மேலே அடித்தால் பூச்சு பிடிக்காது. சூட்டில் உரிந்து விழும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் பாஸ்பேட் உப்பு மெல்லக் கசிந்து மேலே வெள்ளையாகப் பூக்கும். அதற்கு டாப் கோட் வேண்டும். அதுவும் இந்தப் பூச்சோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துப் பளபளப்புக்காக யாராவது மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தால் கையில் இருக்கும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. பூச்சின் பெயர், தேதி, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், மேலே எதை அடிக்கக் கூடாது என்று ஒரு தகட்டில் எழுதி, மெயின் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் மாட்டச் சொல்கிறேன்.