டேட்டா கியூரேஷன்: தரவுப் பேணல்

அறிவியல் நூலகர்களுக்கான பயிற்சிகளில் இரண்டு சொற்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, ரிசர்ச் டேட்டா மேனேஜ்மென்ட். இன்னொன்று, டேட்டா கியூரேஷன். முன்னதை ஆய்வுத் தரவு மேலாண்மை என்று தமிழில் சொல்லப் பழகிவிட்டோம். பின்னதற்கு வரும்போது பலரும் கியூரேஷன் என்றே எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. நூலகர் கற்கவேண்டிய வேலையின் உயிர் அந்த இரண்டாவது சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் டேட்டாவைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'தாரே' என்றால் கொடுத்தல். 'தாத்தும்' என்றால் கொடுக்கப்பட்டது; அதன் பன்மைதான் டேட்டா. நம் தரவும் கொடுத்தலில் பிறந்த சொல்லே. வா என்பதிலிருந்து வரவு வந்ததுபோல, தா என்பதிலிருந்து தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். ஆக, சொல் புதிதல்ல, பொருள்தான் புதிது. இதைத் தகவல் என்று எழுதுவது சரியில்லை. வெப்பமானி காட்டிய எண் தரவு. 'நேற்றைவிட இன்று வெப்பம் கூடியிருக்கிறது' என்று அதிலிருந்து நாம் அறிவது தகவல்.

மேனேஜ்மென்ட் என்பதன் வேர் 'மனுஸ்', அதாவது கை. குதிரையைக் கையாண்டு பழக்குவதற்கு இத்தாலியில் வழங்கிய சொல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் மேலாண்மை என்றதும், மேலே இருந்து ஆளும் ஒருவரின் உருவம் வந்துவிடுகிறது. திட்டம், அனுமதி, சேமிப்பிடம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 முதல் நிதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் தரவு மேலாண்மைத் திட்டத்தைக் கேட்கிறது. அந்தத் திட்டத்தை எழுத உதவி கேட்டு ஆய்வாளர்கள் நூலகரைத் தேடி வருகிறார்கள். சரி, திட்டம் எழுதியாகிவிட்டது. அப்புறம் தரவை யார் பார்த்துக்கொள்வது?

அங்கேதான் கியூரேஷன் வருகிறது. லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை, பராமரிப்பு. பழைய ரோமில் நகரின் நீர் வழங்கலைக் கவனித்த அதிகாரிக்கு 'கூராத்தோர்' என்று பட்டம். நோய் தீர்த்தலைச் சொல்லும் கியூர் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் வந்ததுதான். அருங்காட்சியகத்தில் கியூரேட்டரைக் காப்பாட்சியர் என்கிறோம். சிலைக்கு அது நல்ல சொல். தரவுக்குக் காப்பு மட்டும் போதாது. பூட்டி வைத்த கோப்பு, அதைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்ததும் ஊமையாகிவிடும்.

பூட்டி வைக்கக்கூட ஆளில்லாமல் போவது அதைவிடக் கொடுமை. 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் தரவு இன்னும் கிடைக்கிறதா என்று தேடிய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டு வயது கூடும்போதும், தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனதாக அது கண்டது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும், தரவு இருந்த வட்டு பழுதாகியிருக்கும். பெரிய சதி எதுவும் இல்லை, பேண ஆளில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் தரவுப் பேணல் என்கிறேன். உடல்நலம் பேணுகிறோம், விருந்தினரைப் பேணுகிறோம், நட்பைப் பேணுகிறோம். காப்பதும் ஊட்டுவதும் தொடர்ந்து கவனிப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

பயிற்சியும் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஒரு விரிதாளை நூலகர்கள் முன் வையுங்கள். வெப்பநிலை என்ற பத்தியில் நடுநடுவே -999 என்று இருக்கிறது. அளவீடு கிடைக்காத இடத்தில் இப்படி ஓர் எண்ணை இடுவது பல துறைகளில் வழக்கம். அதை எங்கும் எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருபவர் அதையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடுவார். மரபணுப் பட்டியல்களில் 'மார்ச்1' என்ற பெயரை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிவிட்ட தொல்லை இன்னும் பெரியது. 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றவேண்டி வந்தது. இவற்றைக் கண்டுபிடிக்க அறிவியல் பட்டம் கட்டாயமில்லை. 'இது என்ன அலகு? இந்தக் கட்டம் ஏன் காலி?' என்று கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நூற்பட்டியல் தயாரித்துப் பழகிய கைக்கு மீத்தரவு எழுதுவதும் அந்நியமல்ல. தரவைப் பற்றிய தரவுதான் மீத்தரவு. புதிதாகப் பழகவேண்டியது நேரம்தான். நூல் அச்சாகி முடிந்தபின் நூலகத்துக்கு வரும். தரவையோ அது பிறக்கும்போதே போய்ப் பார்க்கவேண்டும்.

கியூரேட்டரைத் தரவுப் பேணுநர் எனலாம். பிடித்த பாடல்களை வரிசைப்படுத்துவதையும் இப்போது கியூரேஷன் என்கிறார்கள். அங்கே பேணல் வேண்டாம், தெரிந்தெடுத்தல் போதும்.