துப்பாக்கிக் குழலும் கல்லுப்பு ஜாடியும்

கடையம் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி, வாய்வழியே வெடிமருந்து இடிக்கிற பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர். “தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சேன் அண்ணாச்சி. குழல்ல நல்லா தேங்காண்ணெ விட்டுத்தான் கொடுத்தேன். திரும்ப வாங்கிப் பாத்தா உள்ள செம்மண் பூசினாப்ல இருக்கு. எண்ணெய்ல கலப்படமா?”

கடைசியாக எப்போது வெடித்தீர்கள் என்று கேட்டேன். ஒப்படைப்பதற்கு ஒரு வாரம் முன்பு, பன்றி விரட்ட. பிறகு கழுவினீர்களா? “துப்பாக்கியில யாராவது தண்ணி ஊத்துவாங்களா?” என்றார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்தக் குழலில் இடிக்கிற கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 கரி, 10 கந்தகம். பள்ளியில் படித்ததுதான். வெடித்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்று நினைக்கிறோம், ஆனால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று வரிசையாக உப்புகள். புகையோடு கொஞ்சம் பறக்கும், மீதி குழலுக்குள் கறுப்பாக அப்பிக்கொள்ளும்.

இப்போது அடுக்களைக்கு வாருங்கள். ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடி அடியில் தண்ணீர் விட்டு நிற்குமே, ஏன்? ஒவ்வொரு உப்புக்கும் ஓர் ஈரப்பத எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து அதிலேயே கரைந்துவிடும். சுத்தமான சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை சுமார் 75 சதவீதம். தூத்துக்குடி அளத்துக் கல்லுப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ வெறும் 33, அதனால்தான் ஜாடி அழுகிறது. சரி, குழலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட்டுக்கு எவ்வளவு? 43. சித்திரை மத்தியான வெயிலை விட்டுத்தள்ளுங்கள், ராத்திரியானால் நம் காற்று அதைத் தாண்டிவிடும். ஆக, ஒருவரும் ஒரு சொட்டு ஊற்றாமலே குழலுக்குள் தினமும் தண்ணீர் ஊறுகிறது, அதுவும் உப்புத் தண்ணீர், அதில் மின்னூட்டம் சுலபமாக ஓடும், இரும்பு தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுத் துருவாகும். எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான். எண்ணெயில் உப்பு கரையாது. அவர் செய்தது உப்பின் மேல் போர்வை போர்த்தியது, அவ்வளவுதான்.

உப்பைக் கரைப்பது தண்ணீர் மட்டுமே. வெந்நீராக இருந்தால் இரும்பும் சூடாகி, மிச்ச ஈரத்தைத் தானே காயவைத்துக்கொள்ளும்.

கருவிக்குக் கடை தேட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் குழலைவிட நீளமாக ஒரு பித்தளைக் கம்பி. பித்தளை இரும்பைவிட மெது, கீறாது. சைக்கிள் ஸ்போக் வேண்டவே வேண்டாம். நுனியை ஆக்சா பிளேடால் பிளந்து பழைய வேட்டித் துணியைச் செருகினால் ஆயிற்று. இதே கம்பிக்கு முதல் வேலை வேறு: வாய்வழியே கடைசி வரை விட்டு, விரலால் அளவு பிடித்து, வெளியே குழலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அடிவரை எட்டவில்லையென்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு, உரிமம் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

காலிதான் என்று உறுதியானால், குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, கேப்பு மாட்டும் முனையை வெந்நீர் வாளியில் அமிழ்த்தி, துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுங்கள். பீச்சாங்குழல் மாதிரி சின்ன ஓட்டை வழியே தண்ணீர் ஏறி இறங்கும், கறுப்பாகக் கக்கும். தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். வெளி இடுக்குகளுக்குப் பனந்தும்புப் பிரஷ் போதும், நம் பக்கத்துச் சரக்குதானே. தோட்டா போடும் வகை என்றால் இன்னும் சுலபம்: என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குக் குழல் துடைக்கும் ‘புல் த்ரூ’ கயிறும் ‘சிந்தி’த் துணியும் ஞாபகம் இருக்கும், நைலான் கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி, அதேதான். சாம்பல் போட்டு மட்டும் துலக்காதீர்கள், உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

காய்ந்தபின் எண்ணெய். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். தேங்காயெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது, அவசரத்துக்குப் பரவாயில்லை. தையல் மிஷின் எண்ணெய் இரண்டையும்விட நல்லது.

ஆயுத பூஜைக்கு ஈரச் சந்தனமும் விபூதியும் குழலில் பூசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள், பொட்டைக் கட்டையில் வையுங்கள், சாமி கோவித்துக்கொள்ளாது. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் உறுமினால் செய்தி வருகிறது, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் வருஷக்கணக்காகத் துருவோடு மல்லுக்கட்டுவதை யார் பேசுகிறார்கள்? என்னைக் கேட்டால் அங்கே இன்னும் கொஞ்சம் பணம் கொட்டலாம்.

கடையத்துக்காரருக்கு ஒன்று. மறுநாள் காலை வெள்ளைத் துணியை ஒருமுறை விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, வாளியை மறுபடி அடுப்பில் வையுங்கள்.