சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்கா?

நான்காம் வகுப்பில் பத்துக் கழித்தல் கணக்கை ஐந்தே நிமிடத்தில் போட்டுவிட்டு நோட்டை நீட்டும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அடுத்த பத்துக் கணக்கு. இல்லாவிட்டால், ‘பேசுறவங்க பேரை போர்டுல எழுது’ என்ற வேலை. வேகமாக முடித்தால் வேலை கூடும் என்பது சீக்கிரமே பிள்ளைக்குப் புரிந்துவிடும். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவரைச் சீண்டும். டைரியில் ‘கவனக்குறைவு’ என்று குறிப்பு ஏறும்.

இப்படி விரைந்து கற்கும் மீத்திறன் பிள்ளைக்கு வேறு வேலை வேண்டும். அதற்கு நேரம் எங்கே? தெரிந்த வேலையைக் குறைத்தால் கிடைக்கும்.

பாடம் தொடங்கும் முன்பே அதன் கடைசிப் பயிற்சியிலிருந்து பத்துக் கணக்கு, 20 நிமிடம், வகுப்பு முழுமைக்கும் கொடுங்கள். முதல் ரேங்க் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் பயனில்லை. கையெழுத்துக் கோணலான, கையே தூக்காத பிள்ளை இதில்தான் வெளிப்படும். மீத்திறன் பிள்ளைகள் யார் என்று ஆசிரியரே பெயர் சொன்னால் அடக்கமான பிள்ளைகள்தான் பட்டியலில் வருவார்கள். எட்டுக்கு மேல் சரியா? பயிற்சி வேளைகளில் விலக்கு கொடுக்கலாம். தவறியது 4003 − 1567 போல நடுவில் பூச்சியம் வரும் கணக்கென்றால், அதை நடத்தும் அன்று மட்டும் உட்கார வையுங்கள். முன்தேர்வு நடத்த நேரமில்லையென்றால், பயிற்சியில் ஆகக் கடினமான ஐந்தைக் குறித்துக் கொடுங்கள். நான்கு சரியானால் மீதி தேவையில்லை. தமிழக அரசின் தொடக்கப் பள்ளித் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில், முன்னேறிய நிலையான ‘மலர்’ நிலைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மிஞ்சிய நேரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் கண்டது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வரும் விடைக்கும் அதையே செய்யுங்கள். 3524 எடுத்தால்:

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். கடன் வாங்கிக் கழிக்கும் பயிற்சி கேட்காமலே நடந்துவிடுகிறது.

பிள்ளைகள் சறுக்கும் இடம் 2111. முதல் படியில் 0999 வரும். முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு 999 என்று எழுதினால் அடுத்த படியில் விடை 0. ‘இது பொய் டீச்சர்’ என்று நோட்டை மூடிவிடுவார்கள். பூச்சியத்தோடு 9990 − 0999 என்று போனால் 8991, 8082, 8532, பிறகு 6174. மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது 495, நீங்கள் சொல்ல வேண்டாம்.

அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் போதுமே என்பார்கள் பெற்றோர். கணக்கிடும் வேகம் கூடலாம். ‘ஏன் இப்படி வருகிறது’ என்று கேட்கும் பழக்கம் அதில் வராது.

இந்த வேலைக்கு மதிப்பெண் போடாதீர்கள். எப்போதும் நூறு வாங்கிய பிள்ளை முதல் தவறிலேயே அழிரப்பரைத் தேடும். பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பூச்சியம் எந்தப் படியில் விடுபட்டது என்று கண்டுபிடிக்க அந்தத் தவறான வரி வேண்டும்.