பக்கத்து வீட்டு நாய்க்கு அடிபட்டால்

நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் எங்கள் க்ளினிக்கில் ஒரு தனி ரகக் கூட்டம் வரும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பெங்களூர் மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, வீட்டு நாயைப் பார்த்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இங்கே தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நாயைப் பார்த்துக்கொண்டவரும் முகம் வாடிப்போய்ப் பின்னால் நிற்பார். அது பக்கத்து வீட்டு மாமியாக இருக்கலாம், மேல் மாடி பேச்சிலர் பையனாக இருக்கலாம், ஆபீஸ் தோழியாகவும் இருக்கலாம். காயம் பெரும்பாலும் சின்னதுதான், ஆனால் மூன்று நாள் பழசு. அதன்மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் ஏதோ ஒரு களிம்பு, அதற்கும் மேல் துணிக்கட்டு. "லீவுல நிம்மதியா இருக்கட்டும்னுதான் அவங்ககிட்ட சொல்லலை டாக்டர்" என்பார்கள்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் கால்நடை மருத்துவம் பார்ப்பவன் நான். சொந்த நாய்க்கு அடிபட்டால் உடனே ஓடி வருகிறவர்கள்கூட, அடுத்தவர் நாய் என்றால் தயங்குகிறார்கள். நம்பி விட்டுப்போனார்களே, என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அவர்கள் வருவதற்குள் ஆறிவிடாதா என்ற நப்பாசை. இந்த இரண்டும் சேர்ந்துதான் சின்னக் காயத்தைப் பெரிதாக்குகின்றன. தோல் கிழிந்த காயத்தை முதல் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால், நன்றாகக் கழுவி இரண்டு தையல் போட்டு அனுப்பிவிட முடியும். அதற்கு மேல் தாமதித்தால் உள்ளே கிருமிகள் பெருகிவிடும். அந்த நிலையில் மூடித் தைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். எனவே திறந்தே விட்டு, தினமும் கழுவி, அது தானாக மூடும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

சரி, அடிபட்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது? முதலில் உங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். உங்களையோ நான்கு நாளாகத்தான் அதற்குத் தெரியும். "இவன் ரொம்ப சாது" என்று சொந்தக்காரர் சொன்னது வலி இல்லாத நேரத்துக்கு மட்டும் பொருந்தும். பெல்ட்டை மாட்டி நாயை ஓரிடத்தில் நிறுத்துங்கள். இன்னொருவர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்க்கட்டு இல்லாவிட்டால் ஒரு துப்பட்டாவையோ அகலமான பேண்டேஜையோ மூக்கின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, காதுகளுக்குப் பின்னால் கட்டலாம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சுத் திணறுகிற நாய்க்கும், பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இப்படிக் கட்டவே கூடாது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். 5 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. பாதியில் துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படித் தூக்கும்போது அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல், மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். நகம் உடைந்து ரத்தம் வந்தால் நுனியில் சோள மாவோ மைதாவோ வைத்து அழுத்தலாம், பெரும்பாலும் நின்றுவிடும். வால் நுனி மட்டும் மனிதர்களைப் பயமுறுத்தும். லேப்ரடார் வாலைக் கதவு நசுக்கிவிட்டால், அது வாலை ஆட்டுகிற வேகத்தில் சுவர், சோபா, டிவி எல்லாவற்றிலும் ரத்தம் தெறிக்கும். கொலை நடந்த வீடு மாதிரித் தெரியும். உண்மையில் போன ரத்தம் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது.

ரத்தம் நின்றதும் கழுவ வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கித் தாராளமாக ஊற்றுங்கள். நகரத்து நடைபாதைக் கல் இடுக்குகளில் கண்ணாடிச் சில்லுக்கும், கட்டட வேலை நடக்கிற தெருக்களில் ஆணிக்கும் பஞ்சமே இல்லை. அதனால் கால் விரல்களுக்கு நடுவே விரித்துப் பாருங்கள். மேலோட்டமாகத் தெரிகிற சில்லை எடுத்துவிடலாம். ஆழமாகக் குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள், அடைத்துக்கொண்டிருந்த ரத்தம் பீறிட்டு வரும். பிறகு பெட்டாடினைப் பால் விடாத லைட் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

இத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் என் வேலை பாதி குறையும். ஆனால் நம் வீட்டுச் சமையலறை சும்மா இருக்க விடாது. மஞ்சள் பூசினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். எது செத்த சதை, எது உயிருள்ள சதை என்று தெரியாது. அதைக் கழுவி எடுக்கத் தையல் போடுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். காப்பிப் பொடி இன்னும் மோசம். காயத்துக்குள் மணல் போலப் படிவதோடு, நாய் நக்கினால் காஃபீன் உள்ளே போகும், அது நாய்களுக்கு நஞ்சு. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இவையெல்லாம் கிருமியோடு சேர்த்து ஆற வேண்டிய சதையையும் பொசுக்கிவிடும். வீட்டில் கிடக்கிற தோல் களிம்புகளும் வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, மிச்சத்தை நாய் நக்கித் தின்றுவிடும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நொண்டுகிறதே, பாவம் என்று டோலோவில் பாதி, காம்பிஃப்ளாமில் கால்வாசி என்று கொடுக்காதீர்கள். டோலோவில் இருக்கிற பாரசிட்டமால் நாயின் கல்லீரலைத் தாக்கும். காம்பிஃப்ளாமில் இருக்கிற இபுபுரூஃபனும், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் வயிற்றில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காலில் இருந்த அரை அங்குல வெட்டுக்காக யாரும் நாயை ஐசியூவில் வைப்பதில்லை. அந்த வெட்டின் வலிக்குக் கொடுத்த மாத்திரைக்காக வைத்திருக்கிறோம். நாய்களுக்கென்றே தனி வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து நாங்கள் தருவோம்.

அடுத்து, சொந்தக்காரருக்குச் சொல்வது. ரத்தம் நின்று, கழுவி முடித்த கையோடு சொல்லிவிடுங்கள். எதுவும் பூசுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ, அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். நடக்கிற விதத்தை ஒரு சின்ன வீடியோ. செய்தி இப்படி இருந்தால் போதும்: "அக்கா, காலைல பார்க்ல கண்ணாடி குத்தி சீசருக்கு வலது முன்னங்கால்ல வெட்டு. ரத்தம் நின்னுடுச்சு, கழுவிட்டேன். சாப்பிட்டான், நடக்கிறான். போட்டோ பாருங்க. வழக்கமா எந்த டாக்டர்கிட்ட காட்டுவீங்க?" மன்னிப்பை முதலில் வைத்து நாலு பத்தி எழுதினால், படிப்பவர் நாய் செத்துவிட்டதோ என்று பதறிவிடுவார். நாய் எப்படி இருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டும். இதில் எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது என்ன ஆயிற்று, வலிப்பு உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறதா என்பதெல்லாம் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். அது தெரியாமல் ஊசி போட எனக்குக் கை வராது.

சின்னதாகத் தெரிந்தாலும் சின்னது என்று எடுத்துக்கொள்ளக் கூடாதவை சில உண்டு. இன்னொரு நாய் கடித்த காயம் அதில் முதலாவது. மேலே இரண்டு பொட்டுத்தான் தெரியும். நாயின் தோல் தளர்வானது. பல் உள்ளே இறங்கி, உலுக்கும்போது தோலுக்கு அடியில் சதை கிழிந்துவிடும். பொமரேனியன் போன்ற சின்ன நாயைத் தெரு நாய் கவ்வி உதறியிருந்தால் விலா எலும்பும் நுரையீரலும்கூட அடிபட்டிருக்கலாம். கூடவே ரேபிஸ் கேள்வி வரும். கையுறை போட்டுக்கொண்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கொண்டுவாருங்கள். தடுப்பூசி முறையாகப் போட்ட நாய்க்கும் மறுபடி ஊசி தேவை. இந்தக் களேபரத்தில் நாய் உங்களைக் கடித்தாலோ பல் கீறினாலோ, அல்லது உங்கள் கையில் இருந்த பழைய வெட்டில் எச்சில் பட்டாலோ, அதே சோப்பு, அதே 15 நிமிடம். பிறகு நேராக மனிதர்களுக்கான டாக்டரிடம் போங்கள். "வீட்டு நாய்தானே" என்பதெல்லாம் இங்கே செல்லாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

இன்னொன்று, அழுத்திப் பிடித்தும் 10 நிமிடத்துக்கு மேல் ரத்தம் நிற்காமல் கசிவது. வெட்டு சின்னதாக இருந்து ரத்தம் மட்டும் நிற்காவிட்டால் என் சந்தேகம் உடனே உண்ணி பக்கம் போகும். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊர் நாய்களுக்குச் சகஜம். உண்ணி பரப்புகிற எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், இரண்டு நாளாகச் சாப்பாட்டில் பிடிப்பில்லாமை எல்லாம் சேர்ந்திருந்தால் காயத்தை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குத்தான் முதலில் அனுப்புவேன். அபார்ட்மெண்டில் எலி மருந்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சில வகை எலி மருந்துகள் ரத்தத்தை உறையவிடாது. நாய் வரும்போதே உடம்பில் நோய் இருந்திருக்கலாம், அது உங்கள் தவறல்ல. ஆனால் நீங்கள் கவனித்துச் சொன்னால்தான் அது வெளியே வரும்.

பால்கனியிலிருந்து விழுந்த நாயும் வண்டியில் அடிபட்ட நாயும் ஒரு சிராய்ப்போடு எழுந்து வாலாட்டலாம். நுரையீரல் வீக்கமும் சிறுநீர்ப்பைக் கிழிசலும் தெரிய ஒரு நாள்கூட ஆகும். ஈறு வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானால் வேறெதையும் யோசிக்காமல் கிளம்புங்கள். கண்ணில் எந்த அடி பட்டாலும் அன்றே காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிற கண் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் கரைந்து ஓட்டை விழுந்துவிடும்.

மழைக் காலத்தில் ஈ. திறந்த காயத்தில் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். மயிர் அடர்ந்த நாய்களில் நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். ஃபினாயில், பெட்ரோல் ஊற்றிப் புழுவைக் கொல்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நாயையும் சேர்த்துச் சுடும்.

நக்கினால் ஆறிவிடும் என்பதை நம்பாதீர்கள். நாய் இரவெல்லாம் நக்கினால் காலையில் தையலே இருக்காது. கழுத்தில் கோன் (நக்கவிடாமல் தடுக்கிற புனல் மாதிரியான பட்டை) மாட்டுங்கள், நாய் பரிதாபமாகப் பார்த்தாலும் கழற்றாதீர்கள். காலில் கட்டுப் போட்டால் கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்குகின்றனவா என்று பாருங்கள். கட்டு அவிழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போடுவது மிக ஆபத்து. அது மயிருக்குள் புதைந்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பாதத்தையே கொண்டுபோய்விடும். வெளியே நடத்தும்போது பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளலாம், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

க்ளினிக்குக்குக் கிளம்ப முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு சாப்பாடு கொடுக்காதீர்கள். தையலுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், வயிறு நிறைந்திருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதைச் சொல்லுங்கள். மயக்க மருந்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் கேட்போம். போனில் பேசினாலும் வாட்ஸாப்பில் எழுதினாலும் சரி. அவர் விமானத்தில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை என்ற நேரங்களில்தான் எல்லோருக்கும் சங்கடம். ராத்திரியில் எந்த க்ளினிக் திறந்திருக்கும் என்பதையும் நாயை வாங்கிக்கொள்ளும் அன்றே விசாரித்து வையுங்கள்.

எனவே ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாயோடு சேர்த்து உணவுப் பையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். தடுப்பூசிக் கார்டு, வழக்கமான டாக்டரின் எண், வாய்க்கட்டு, கோன், நாயின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இவற்றோடு ஒரு செய்தியும் அனுப்பி வையுங்கள்: "நான் கிடைக்காவிட்டால் இவர் முடிவெடுக்கலாம், இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம்." காசு கொடுத்து விட்டுப்போகிற இடமாக இருந்தால் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அன்புக்காகப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டாரிடம் பில்லைப் பங்கு கேட்பது, என்னைக் கேட்டால், அநியாயம். திரும்பி வந்ததும் அவரிடமிருந்து பில்லையும் மிச்ச மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தையல் பிரிக்க வழக்கமாக 10 முதல் 14 நாள் ஆகும், அந்தத் தேதி சீட்டிலேயே இருக்கும். அன்றைக்கு நாயை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.