சொந்த இணையதளத்தில் விற்பனை: ஜிஎஸ்டி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

வீட்டில் மசாலாப் பொடியோ குளியல் சோப்போ தயாரித்து வாட்ஸ்அப்பில் விற்றுவந்தவர்கள், சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலும் ஒரு முகவரிடம்தான் போய் நிற்கிறார்கள். அவர் ‘ஆன்லைன் என்றாலே ஜிஎஸ்டி கட்டாயம்’ என்று சொல்லி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஜிஎஸ்டி பதிவு, இணையதளம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறார். முதல் இரண்டுக்கும் அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. தேவையே இல்லாத ஜிஎஸ்டி எண்ணை வாங்கிவிட்டுத் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தொடர்ந்து பார்த்துவருவதால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு தேவை. சொந்தப் பொருளைச் சொந்த இணையதளத்தில் விற்று, மாநிலத்துக்குள் மட்டும் அனுப்புகிறவருக்கும் இதே வரம்புதான். சிக்கல் மாநில எல்லையில் இருக்கிறது. வரிக்குரிய பொருளை ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்பினாலும், அதன் விலை 500 ரூபாயாக இருந்தாலும், பதிவு கட்டாயமாகிவிடும். இணையதளம் அமைத்துத் தருபவர் ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்ற அமைப்பை அப்படியே விட்டுவிடுவார். பதிவு எடுக்காதவரை அதைத் தமிழ்நாடு என்று மாற்றச் சொல்லுங்கள். பின்கோடை மட்டும் நம்பியும் வடிகட்டாதீர்கள். 605 என்று தொடங்கும் எண்கள் விழுப்புரம் பக்கத்துக்கும் உண்டு, புதுச்சேரிக்கும் உண்டு. புதுச்சேரிக்கு அனுப்புவது சட்டப்படி வெளிமாநில விற்பனை.

பெரிய விற்பனைத் தளங்களில் கடை திறப்பவர்களுக்கு முன்பு ஜிஎஸ்டி இல்லாமல் வழியே இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் அது மாறிவிட்டது. 40 லட்சத்துக்குள் விற்று, ஒரே மாநிலத்துக்குள் பொருள் அனுப்புகிறவர், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்றால் போதும். இதைச் சொல்லாமல் முழுப் பதிவையே செய்துகொடுத்துவிடும் முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதிவு எடுத்த பிறகு, ஒரு பொட்டலம்கூட விற்காத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். விற்பனையே இல்லாத கணக்குக்கும் தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 500 ரூபாய் கட்ட வேண்டிவரும். தொடர்ந்து விட்டுவிட்டால் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். ‘ஒரு சதவீதம் கட்டினால் போதும்’ என்று, விற்றுமுதலில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் சேர்த்துவிடுபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள், ஏனெனில் அந்த முறையில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது.

பதிவு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களின் அலைச்சல் விண்ணப்பித்த பிறகு தொடங்குகிறது. விண்ணப்பத்தில் முகவர் தம் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவைப்பார். அதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பும் அறிவிப்பு அவருக்கே போகும். பதிலளிக்க உள்ள ஏழு வேலை நாட்கள் கடந்துபோய் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். விண்ணப்பதாரருக்கோ விளக்கம் கேட்டதே தெரிந்திருக்காது. மின்னஞ்சல், கைபேசி எண் இரண்டும் உங்களுடையவையாக இருக்கட்டும்.

இருப்பிடச் சான்றில்தான் அதிகம் இழுத்தடிக்கிறார்கள். 2025 ஏப்ரல் 17 அன்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. சொந்த வீடென்றால் மின் கட்டண ரசீது, சொத்து வரி ரசீது போன்றவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ உள்ள வீடென்றால், அதனுடன் வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதமும் அவருடைய அடையாளச் சான்றும் போதும். வாடகை வீடென்றால் ஒப்பந்தமும், வீடு உரிமையாளருடையது என்று காட்டும் ரசீது ஒன்றும் தேவை. ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் மட்டும் உரிமையாளரின் அடையாளச் சான்றையும் சேர்க்க வேண்டும். ‘இந்த இடத்தில் இந்தத் தொழிலை எப்படிச் செய்வீர்கள்’ என்பதுபோல ஆவணத்துக்குத் தொடர்பில்லாத ஊகக் கேள்விகளை எழுப்பக் கூடாது என்றும் அதே அறிவுறுத்தல் சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் மாநில வணிகவரி அலுவலருக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும் விண்ணப்பப் படிவத்தில் உள்ள ஆவணப் பட்டியல் ஒன்றுதான். அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கொடுங்கள், வாய்மொழியாகக் கேட்பதற்கெல்லாம் ஓடாதீர்கள்.

உத்யம் பதிவை udyamregistration.gov.in என்ற தளத்தில் மட்டும் செய்யுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை, புதுப்பித்தல் என்ற ஒன்றும் கிடையாது. தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கும், பார்வைக்கு அரசுத் தளம் போலவே இருக்கும் தளங்கள் பணம் கேட்கும்போதே அவை தனியாருடையவை என்று தெரிந்துகொள்ளலாம். நடப்புக் கணக்கு திறக்கப் போகும்போது இந்தச் சான்று உதவும். ஜிஎஸ்டி சான்று இல்லாமல் கணக்கு கிடையாது என்று வங்கியில் சொன்னால், ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அடையாள (கேஒய்சி) விதிகளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தனிநபர் நிறுவனத்துக்கு அந்த விதிகள் ஏற்கும் பல ஆவணங்களில் உத்யம் சான்றும் ஒன்று. அவற்றில் இரண்டைத் தர வேண்டும், இயலாத நிலையில் ஒன்றையே ஏற்றுக்கொள்ளவும் வங்கிக்கு இடமிருக்கிறது.

உணவுப் பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாக வேண்டும். பொட்டலமிட்ட எந்தப் பொருளுக்கும் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்தவர் பெயர், முகவரி ஆகியவை பொட்டலத்தோடு நின்றுவிடாமல் இணையப் பக்கத்திலும் தெரிய வேண்டும். தொடர்பு முகவரி, பணம் திருப்பித் தரும் முறை, அனுப்பும் முறை ஆகிய பக்கங்கள் இல்லாத தளத்துக்குப் பணம் பெறும் வசதி தரும் நிறுவனங்கள் ஒப்புதல் தராமல் நிறுத்திவைக்கும். இணையதளம் செய்தவர் அதற்குள் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

தளத்தின் பெயரை (டொமைன்) இணையதளம் செய்பவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்வது இன்னும் கொடுமை. தேனிப் பக்கம் ஊறுகாய் விற்கும் ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. பொட்டலம்தோறும் தளத்தின் பெயரை அச்சிட்ட பிறகு, அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்குக் கேட்ட தொகை வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. பெயர் அந்த ஆளின் கணக்கில் இருந்ததால் அந்தப் பெண்ணால் வேறு இடத்துக்கும் மாற்ற முடியவில்லை. சென்னை ஈக்காட்டுதாங்கலில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இணையவழி வணிகம் பற்றிச் சில நாள் கட்டணப் பயிற்சிகளை நடத்துகிறது; அந்தச் சான்றிதழ் மேலே சொன்ன எந்தப் பதிவுக்கும் ஈடாகாது என்றாலும், வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அடிப்படையைத் தெரிந்துகொள்ள உதவும். எப்படியானாலும் தளத்தின் பெயரை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் நீங்களே வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், பெயர், தளம் இருக்கும் சர்வர், பணம் பெறும் வசதி ஆகிய மூன்றின் கணக்குகளிலும் நீங்களே உள்நுழைந்து கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.