இங்கிலாந்தில் தேனீ வளர்க்கிறீர்களா? உண்ணிக்கான விதிகள் இவை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ தோட்டத்தில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தாலும் சட்டப்படி அது உணவு தரும் கால்நடைதான். அதனால் உண்ணிக்கு மருந்து வைப்பதற்கும் விதி உண்டு.

வரோவா என்பது தேனீயின் மேல் ஒட்டி வாழும் உண்ணி, ஆசியாவின் அடுக்குத் தேனீயோடு வாழ்ந்து பழகியது. அந்தத் தேனீ அதைச் சமாளித்துக்கொள்ளும். ஐரோப்பியத் தேனீயால் முடிவதில்லை. 1992இல் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் தென்பட்ட உண்ணி இன்று அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து, வரோவா இருந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தேனீ வளர்ப்போருக்கான அரசின் பீபேஸ் இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, அங்கே உங்கள் கணக்குப் பக்கத்தில் அதற்கான கட்டத்தைக் குறித்தால் போதும். இதற்காக யாரும் பெட்டியை முடக்க மாட்டார்கள். பயந்து மறைக்காதீர்கள்.

டிரோபிலேலாப்ஸ் உண்ணியின் கதை வேறு. இது மலைத்தேனீயிடமிருந்து வந்தது. வரோவா நண்டுபோல அகலமாக இருக்கும். இது நீளவாக்கில், அடைமேல் விறுவிறுவென ஓடும். சந்தேகம் வந்தாலே அரசின் தேசியத் தேனீப் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விடுவது குற்றம். ஆய்வாளர் வரும்வரை பெட்டியையோ அடைகளையோ இடம் மாற்றாதீர்கள். ஆய்வாளர் வருகைக்குக் கட்டணம் கிடையாது.

சரி, வரோவா எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? புழு உள்ள அடையிலிருந்து அரைக் கோப்பை தேனீக்களை, அதாவது சுமார் 300, ஒரு ஜாடியில் எடுங்கள். ராணி அதில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பொடித்த சர்க்கரை தூவி உருட்டி, வலைமூடி வழியாக உதறினால் உண்ணிகள் விழும், தேனீக்கள் பிழைக்கும். ஆல்கஹாலில் அலசினால் கணக்கு துல்லியமாக வரும், ஆனால் அந்தத் தேனீக்கள் இறந்துவிடும். நூறு தேனீக்கு மூன்று, அதாவது இந்த 300க்கு ஒன்பது உண்ணி வந்தால் தள்ளிப்போடாமல் மருந்து வையுங்கள்.

மருந்து அங்கீகாரம் பெற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத் தூளைக் கடையில் மலிவாக வாங்கிப் போடுவது பலரும் செய்வது. அது சட்டத்துக்கு உட்பட்டதல்ல. அதே அமிலத்தை மருந்தாக அங்கீகரித்து விற்கும் ஏபி-பயோக்சல் இருக்கிறது. மூடிய புழு அறைக்குள் அது எட்டாது என்பதால், புழு குறைந்த டிசம்பர், ஜனவரியில் பயன்படுத்துகிறார்கள். தேன் எடுத்த பிறகு ஆகஸ்டில் தைமால் மருந்து. ஏபிஸ்டான் என்ற உண்ணி மருந்தை மட்டும் நம்பாதீர்கள்: அதற்கு மசியாத உண்ணிகள் 2001இலேயே தென்மேற்கு இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டன.

பலர் தவறவிடுவது பதிவேடு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் நம் தேனைச் சாப்பிடுபவருக்கு நாம் தரக்கூடிய உத்தரவாதம் அது. மருந்தின் பெயர், பேட்ச் எண், விற்றவர் பெயர், முகவரி, வைத்த தேதி, அளவு, எந்தப் பெட்டி, தேன் எடுக்கக்கூடாத காலம் எல்லாம் எழுதி ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இடையில் அந்தக் கூட்டம் அழிந்துபோனாலும் பதிவைத் தூக்கிப்போடக் கூடாது.