பக்கத்தை மூடிவிட்டு விசாரியுங்கள்

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். இணையதளங்களை எடைபோடப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாராம்: எழுதியவர் பெயர் இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதா. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வந்ததும் செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே ஆடிப்போய்விட்டது என்று சொல்லும் பக்கத்துக்குப் பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டார்களாம். "நான் எங்கே கோட்டை விட்டேன்?" என்று கேட்கிறார்.

கோளாறு பட்டியலில்தான், டீச்சர். இந்த மாதிரிப் பட்டியல்களில் பிரபலமான ஒன்று கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் 2004இல் உருவானது. நல்ல நோக்கம்தான். ஆனால் பட்டியல் பார்க்கச் சொல்வதில் பெரும்பாலானவை பக்கத்தைச் செய்தவர் கையிலேயே இருப்பவை. பெயரை அவர் போடுவார், தேதியை அவர் மாற்றுவார், பிழையைத் திருத்த ஆள் வைப்பார். பூட்டுப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போய்வருவதை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது மூச்சுவிடாது. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுளின் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடமே "பையன் எப்படி?" என்று கேட்டு முடித்துக்கொள்வோமா? தெருமுனை டீக்கடையில் கேட்போம், பையன் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் பிடித்து விசாரிப்போம். இணையத்துக்கும் இதே வைத்தியம் போதும் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், 10 பேர் தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 பேர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஒரு சோதனையில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கியது, உறுப்பினர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். மற்றது 2002இல் அதிலிருந்து கொள்கைச் சண்டையில் பிரிந்த சிறு குழு. பெயர்களோ இரட்டைப் பிள்ளைகள் மாதிரி: பெரியது அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், சின்னது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்.

மாணவர்கள் காட்டிய தளங்களுக்குள்ளேயே தங்கினார்கள். அடிக்குறிப்பு இருக்கிறது, விளம்பரம் இல்லை, வடிவமைப்பு பளிச்சென்று இருக்கிறது. 64 சதவீதம் பேர் சின்னக் குழுவையே தேர்ந்தெடுத்தார்கள். ஆவணங்களைச் சந்தேகிப்பதையே பிழைப்பாகக் கொண்ட வரலாற்றாசிரியர்களிலும் பாதிப் பேருக்குத்தான் சரியான விடை கிடைத்தது. சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பும் வியப்புமாக இருக்கிறது. பக்கத்தைப் படிக்கவேயில்லை! திறந்தார்கள், ஒரு பார்வை பார்த்தார்கள், புது டேப் திறந்து அமைப்பின் பெயரைத் தட்டினார்கள். அடுத்தவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர். இன்னொரு நுணுக்கமும் உண்டு. தேடல் முடிவுகள் வந்ததும் முதலாவதைப் படக்கென்று அமுக்கவில்லை. கையை அடக்கிக்கொண்டு, யார் யார் பேசுகிறார்கள், எந்தத் தொனியில் என்று கீழே வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஒன்றைத் திறந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் நிமிடக்கணக்கில் கவனமாகப் படித்து ஏமாந்த இடத்தில் இவர்கள் குறைவாகப் படித்துத் தப்பினார்கள். கவனமாகப் படி என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறோம். எதைப் படிக்காமல் விடுவது என்று சொல்லித்தருவதில்லை.

இப்போது திருநள்ளாற்றுக்கு வருவோம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அதே வரி, சில சமயம் அதே எழுத்துப்பிழையோடு, தளம் தளமாக வந்து நிற்கும். பத்துச் சாட்சி என்று நினைத்தது ஒரே வாயின் எதிரொலி என்பது பிள்ளைகளுக்குக் கண்ணெதிரே தெரியும். தமிழில் தேடும்போது இந்த நகல் தொல்லை எக்கச்சக்கம். நாசா என்ன சொன்னது என்று நாசாவின் தளத்திலேயே ஆங்கிலத்தில் தேடவும் பழக்க வேண்டும். அது இப்படி எதையும் சொன்னதில்லை.

பள்ளி இயற்பியலும் கைகொடுக்கும். தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் பூமிக்குத்தான் வரும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே. திருநள்ளாறு அதற்கு வடக்கே சுமார் 11 டிகிரி தள்ளி இருக்கிறது. சனீஸ்வரனைக் கும்பிடுபவர் தாராளமாகக் கும்பிடட்டும். அவருக்கு நாசாவின் சிபாரிசு எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். வைன்பர்க் குழு பின்னால் 499 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 50 நிமிட வகுப்புகள் ஆறு நடத்தியதிலேயே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆறு பீரியடு! வகுப்பறைக்குப் பெரிய திரை வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதில் தெரிவதை எடைபோடச் சொல்லித்தர இந்த ஆறு பீரியடையும் ஒதுக்கலாம்.

அடுத்த வகுப்பில் பட்டியலை மேஜைக்குள் வையுங்கள், டீச்சர். மதிப்பெண்ணும் வேண்டாம். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பக்கம் திறந்ததிலிருந்து எத்தனை விநாடியில் பிள்ளைகள் அதைவிட்டு வெளியே போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கணக்கை எனக்கும் எழுதுங்கள்.